புயலில் போன வீடுகளைக் கட்ட ஆள் போகணுமா, பணம் போனால் போதுமா? (லூசியானா)

கரிசல்காடு · 4 பிப்ரவரி 2024

எல்லோருக்கும் வணக்கம். டாலஸில் மென்பொருள் வேலை. எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு வாரம் தொண்டு செய்ய விடுப்பு தருவார்கள். இதுவரை நான் எடுத்ததில்லை. இந்த மார்ச்சில் நாங்கள் ஐந்து பேர் லூசியானாவில் ஹூமா என்ற ஊருக்குப் போய், புயலில் சேதமான வீடுகளைச் செப்பனிடும் ஒரு குழுவோடு வேலை செய்யலாம் என்று பேச்சு. ஐடா புயல் அங்கே கரை ஏறியது 2021 ஆகஸ்ட் 29. இரண்டரை வருடமாகியும் கூரையில் நீலத் தார்ப்பாய் போட்டுக்கொண்டு குடியிருக்கிறார்கள் என்று அந்தக் குழுவினர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அமெரிக்காவிலா?

என் சிக்கல் வேறு. எனக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது. கோவில்பட்டியில் எங்கள் வீடு கட்டியபோது கொத்தனாருக்கு டீ வாங்கி வந்ததோடு என் கட்டட அனுபவம் முடிந்தது. "நீங்க போய் அங்கே என்ன கிழிக்கப் போறீங்க, அந்தப் பணத்தை அனுப்பிடுங்க" என்கிறார் வீட்டுக்காரம்மா. அதுவும் சரியென்றுதான் படுகிறது. இந்த மாதிரி வேலைக்குப் போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வரவுசெலவு · 4 பிப்ரவரி

உங்கள் வீட்டில் சொன்னதுதான் சரி. ஐந்து பேருக்கு வண்டிச் செலவு, ஆறு நாள் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் எப்படியும் 3,000 டாலர் தாண்டும். உள்சுவருக்கு அடிக்கிற ஷீட்ராக் பலகை ஒன்று 15 டாலர் சொச்சம். சின்ன வீட்டுக்கு நூறு, நூற்றிருபது பலகை. நீங்கள் ஐந்து பேரும் போய்க் கோணலாக அடிக்கப் போகிற பலகையை விலைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு உள்ளூர்த் தச்சருக்குக் கூலியாகக் கொடுக்கலாம். அவருக்கும் பிழைப்பு. உங்கள் அலுவலகம் நன்கொடைக்கு இணையாகப் பணம் போடுமா என்று கேளுங்கள். போட்டால் இன்னொரு வீட்டுக்கும் ஆகும்.

தச்சன்மகன் · 5 பிப்ரவரி

வரவுசெலவு சார், கூட்டல் சரி. அந்த உள்ளூர்த் தச்சர் எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். புயல் அடித்த ஊரில் தச்சருக்கும் கூரை போயிருக்கும். மிச்சம் இருக்கிறவர்களைக் காப்பீட்டுப் பணம் கைக்கு வந்தவர்கள் முதலில் பிடித்துக்கொள்வார்கள். கூலி இரட்டிப்பாகும். காப்பீடு இல்லாத கிழவிக்கு ஆள் கிடைக்க வருடக்கணக்காகும். தொண்டர் வேலையே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

நான் ஹூஸ்டன். 2017 ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி புயல் கரை ஏறியது. கரை ஏறிய பிறகு நகராமல் உட்கார்ந்துவிட்டதுதான் வினை. நெடர்லாந்து என்ற ஊரில் மட்டும் 60 அங்குலத்துக்கு மேல் மழை. தண்ணீர் வடிந்த முதல் வாரத்திலிருந்து ஏழு மாதம் சனி ஞாயிறெல்லாம் எனக்கு இதுதான் வேலை. பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்கு வருகிற நம் ஆட்கள் சிலரும் கூட வந்தார்கள்.

முதல் கட்டம், நனைந்ததை வெளியே எடுப்பது. பாய், சோபா, ஃப்ரிட்ஜ், தரைப்பலகை எல்லாம். அப்புறம் சுவரில் தரையிலிருந்து நாலடி உயரத்தில் நூல் பிடித்து ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே உள்ள ஷீட்ராக் முழுதையும் அறுத்து எடுக்க வேண்டும். முழங்கால் தண்ணீர்தான் வந்தது என்றாலும் நாலடிதான். ஷீட்ராக் நனைந்தால் திரிபோல ஈரத்தை மேலே இழுக்கும் என்பது ஒரு காரணம். பலகையின் அகலம் நாலடி என்பது இன்னொன்று. பிறகு படுக்கை வாட்டில் ஒரே வரிசை அடித்தால் சுவர் மூடிவிடும், துண்டு போட வேண்டியதில்லை. இந்த வேலைக்குக் கைத்தொழில் எதுவும் வேண்டாம். நல்ல முகமூடி, தடித்த கையுறை, முதுகு.

அடுத்து, உள்ளே இருக்கிற மரச்சட்டங்களின் பூஞ்சையைத் தேய்த்து எடுத்துக் காயவிட வேண்டும். ஈரமானியைக் குத்திப் பார்த்தால் 15 சதவீதம் வாக்கில் இறங்கியிருக்க வேண்டும். இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஒரு பாதிரியார் வீட்டில் நாங்களே அவசரப்பட்டு மூடினோம். மூன்றாம் மாதம் சுவரில் கறுப்பு பூத்தது, மறுபடி எல்லாவற்றையும் பிரித்தோம். அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, காபி போட்டுக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

தம்பி, நீங்கள் போங்கள். ஆனால் முன்கூட்டியே ஒன்று கேளுங்கள்: புதியவர்கள் நாலு பேருக்கு வேலை தெரிந்தவர் ஒருவராவது கூட இருப்பாரா? இருந்தால் உங்களால் உபயோகம் உண்டு. இல்லையென்றால் வரவுசெலவு சார் சொன்னபடி காசோலை அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. காலையில் ஒரு தாளில் பெயர், வந்த நேரம், போன நேரம் எழுதச் சொல்வார்கள். சலித்துக்கொள்ளாமல் எழுதுங்கள். பேரிடர் வேலைக்கு ஃபெமா (மத்திய அரசின் பேரிடர் உதவித் துறை) தருகிற பணத்தோடு உள்ளூர் நிர்வாகமும் ஒரு பங்கு போட வேண்டும். தொண்டர்களின் மணி நேரத்தை டாலராக மதித்து அந்தப் பங்கில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. நீங்கள் குப்பை அள்ளிய எட்டு மணி நேரம் ஏழை ஊரின் கஜானாவுக்கு வரவு.

சும்மா_வந்தேன் · 5 பிப்ரவரி

நியூ ஆர்லியன்ஸில் பிராட் பிட் கட்டிக் கொடுத்த வீடுகளே மக்கிப் போய்விட்டன. ஹாலிவுட் நட்சத்திரத்தால் முடியாததை நம் மென்பொருள் தம்பி முடிக்கப் போகிறாராக்கும். 😀

மணிமேகலை · 6 பிப்ரவரி

சிரிக்கிற விஷயமாக இல்லை, சும்மா_வந்தேன். 2005இல் நான் நியூ ஆர்லியன்ஸில் மாணவி. கத்ரீனா புயலுக்கு இரண்டு நாள் முன்னால் தோழியின் காரில் ஹூஸ்டன் போய்ச் சேர்ந்ததால் தப்பித்தேன். கார் இல்லாதவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்குப் புயல்தான் ஊரை அழித்தது என்று நினைப்பு. ராணுவப் பொறியாளர் படை கட்டிய வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்ததுதான் காரணம். நகரத்தில் 80 சதவீதம் தண்ணீரில் நின்றது. லோயர் நைன்த் வார்டு பக்கம் கால்வாய்ச் சுவர் உடைந்து தண்ணீர் பாய்ந்த வேகத்தில் வீடுகள் அடித்தளத்தைவிட்டே நகர்ந்து அடுத்த தெருவில் போய் நின்றன. கறுப்பினத் தொழிலாளர்கள் தலைமுறையாகச் சொந்த வீட்டில் வாழ்ந்த பகுதி அது. வாடகைக்கு இருந்தவர்களைவிடச் சொந்த வீட்டுக்காரர்கள்தான் அதிகம்.

பிட் 2007இல் மேக் இட் ரைட் என்ற அமைப்பைத் தொடங்கி, 150 வீடு கட்டுவதாகச் சொன்னார். 109 கட்டினார்கள். பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வரைபடம் போட்டார்கள். பத்து வருடம் கழித்து ஒரு நாள் அந்தத் தெருவில் நடந்தேன். தட்டையான கூரை. சில வீடுகளில் கூரை சுவரைத் தாண்டி நீளவே இல்லை, இறவாரம் என்ற பேச்சே கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் நேரே சுவரில் வழியும். நம் ஊர் ஓட்டு வீட்டுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார், மழை ஊரில் இறவாரம் இல்லாமல் வீடு கட்டாதே என்று. வாசல் படிக்கட்டுக்கும் தளத்துக்கும் ரசாயனம் கலக்காத 'பசுமை' மரம் என்று, கண்ணாடிச் சேர்மம் ஏற்றிய ஒரு புதுவகை மரம் போட்டிருந்தார்கள். அந்த ஈரத்துக்கு அது தாங்கவில்லை, சில வருடத்திலேயே உளுத்தது. ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். பழைய பிஸ்கட் மாதிரி உள்ளே போனது.

2018இல் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2022இல் 2.05 கோடி டாலருக்குச் சமரசம். அதைத் தருவதாக ஒப்புக்கொண்ட வேறொரு தொண்டு அமைப்பிடமிருந்து பணம் வந்து சேரவில்லை.

சும்மா_வந்தேன் · 6 பிப்ரவரி

சரி அக்கா, எமோஜிக்கு மன்னிப்பு. ஆனால் தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? அந்த மனுஷன் தன் கைக்காசையும் போட்டுத்தான் செய்தார். எத்தனை நடிகர்கள் அதுகூடச் செய்தார்கள்?

மணிமேகலை · 6 பிப்ரவரி

அது தானமாக வந்த மாடே இல்லை. வீடுகளைச் சும்மா கொடுக்கவில்லை, விற்றார்கள். அடக்க விலையைவிடக் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்கியவர்கள் சுமார் 1,50,000 டாலருக்கு, பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்கினார்கள். புயலில் கிடைத்த இழப்பீட்டை அதில் கொட்டியவர்கள் உண்டு. கூரை ஒழுகினாலும் மாதத் தவணை நிற்காது. பல்லைப் பிடித்துப் பார்க்க அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அதே நகரத்தில், கொஞ்சம் மேலே, மியூசிஷியன்ஸ் வில்லேஜ் என்று ஒன்று இருக்கிறது. ஜாஸ் இசைக்கலைஞர்கள் ஹாரி கானிக் ஜூனியரும் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸும் யோசனை சொல்ல, ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற வீடு கட்டும் தொண்டு அமைப்பு கட்டியது. 72 தனி வீடுகள். பார்த்தால் ஒன்றும் விசேஷம் இல்லை: சரிவுக் கூரை, முன்திண்ணை, தூண்மேல் உயர்த்திய தரை. மஞ்சள், ஊதா, பச்சை என்று நம் ஊர்க் காலனி மாதிரிப் பெயின்ட். எந்தக் கட்டடக்கலைப் பத்திரிகையும் அட்டையில் போடாது.

அங்கேயும் வினை வராமல் இல்லை. அந்தச் சமயம் சீனாவிலிருந்து வந்த ஷீட்ராக்கில் கந்தகம் இருந்தது. அது கசிந்து செம்புக் கம்பியையும் ஏசி குழாயையும் கறுப்பாக அரித்தது. நகரத்தில் பல புது வீடுகளில் நடந்த கூத்துதான், இந்த வீடுகள் சிலவற்றிலும் நடந்தது. ஆனால் கட்டியவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். திரும்பி வந்து உள்ளே எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். கெட்ட சரக்கு யாருக்கும் வரும், அப்போது கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

வரவுசெலவு · 7 பிப்ரவரி

ஹேபிடட் வீடும் இலவசம் இல்லைதானே?

மணிமேகலை · 7 பிப்ரவரி

இல்லை. வட்டியில்லாத கடன், கூடவே குடும்பம் சில நூறு மணி நேரம் தானும் உடலுழைப்புத் தர வேண்டும், தன் வீட்டுக்கும் அடுத்தவர் வீட்டுக்கும். 1976இல் மில்லார்டு ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் ஜார்ஜியாவில் தொடங்கியதிலிருந்து அதுதான் முறை. ஜிம்மி கார்ட்டர் சுத்தியலோடு நிற்கிற படம் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் அதிலும் ஒரு கீழ் வரம்பு உண்டு. தவணை கட்ட முடிகிறவர்களுக்குத்தான் வீடு. இரவு கிளப்பில் டிரம்பெட் வாசிக்கிறவருக்குச் சம்பளச் சீட்டு எங்கே? அந்த 'இசைக்கலைஞர் கிராமத்தில்' விண்ணப்பித்த இசைக்கலைஞர்களில் பலர் கடன் வரலாறு சரியில்லை என்று கழிக்கப்பட்டார்கள்.

நிலக்கரை · 8 பிப்ரவரி

நான் நாகப்பட்டினம், சிவில். ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வருடா வருடம் புயல் வருகிற இடத்தில் ஏன் மரத்திலும் அட்டையிலும் கட்டுகிறார்கள்? கான்கிரீட் போட்டால் இந்த இழையே தேவைப்படாதே?

தச்சன்மகன் · 8 பிப்ரவரி

நம் ஊரிலிருந்து வருகிற எல்லா அப்பாக்களும் கேட்கிற முதல் கேள்வி. என் அப்பாவும் கேட்டார், அவரே தச்சர்.

தென் புளோரிடாவில் கான்கிரீட் கட்டுச் சுவர்தான் அதிகம். தென் லூசியானா முழுக்க மிசிசிப்பி கொண்டுவந்து கொட்டிய வண்டல், அமுங்கிக்கொண்டே இருக்கிற மண். கனமான வீடு ஒரு பக்கம் இறங்கி விரிசல் விடும். மரவீடு லேசு, கோணினால் ஜாக்கி வைத்துத் தூக்கி நேராக்கலாம், முழு வீட்டையும் பத்தடி உயர்த்தலாம். பழைய வீடுகளின் சைப்ரஸ் சட்டங்கள் வெள்ளத்தில் நின்றும் காய்ந்தால் கிண்ணென்று இருக்கும்.

காற்றில் வீடு போவது மரத்தால் அல்ல, பிணைப்பு இல்லாததால். முதலில் கூரைப் பலகை பிய்யும். மழை உள்ளே இறங்கும். ஐடாவில் ஹூமா பக்கம் நடந்தது இதுதான். அங்கே தண்ணீர் தரையிலிருந்து ஏறியதைவிட மேலேயிருந்து இறங்கியதே அதிகம். கரை ஏறியபோது காற்று மணிக்கு 240 கிலோமீட்டர். உட்கூரை நனைந்து சாதம் மாதிரிக் குழைந்து கட்டில்மேல் விழுந்திருக்கும். அதனால் கரிசல்காடு, நான் சொன்ன நாலடிக் கோடு உங்களுக்கு உதவாது. அங்கே மேலேயிருந்து பிரித்துக்கொண்டு வருவார்கள்.

இப்போது ஃபோர்ட்டிஃபைடு என்று ஒரு கூரைத் தரம் இருக்கிறது. வழவழ ஆணிக்குப் பதில் உடம்பில் வளையம் வளையமாக வரி வைத்த ஆணி, அதையும் நெருக்கி அடிப்பது. பலகை இணைப்புகளின்மேல் பட்டை ஒட்டி மூடுவது. ஓடு பறந்தாலும் அடியில் மழை இறங்காது. அலபாமாவில் இதற்கு 10,000 டாலர் வரை மானியம் பல வருடமாக இருக்கிறது, லூசியானாவும் பிறகு அதே மாதிரி கொண்டுவந்தது. ஆனால் மானியத்துக்கு மேல் ஆகிற செலவை வீட்டுக்காரர் போட வேண்டும். அதற்கும் இல்லாதவர்களுக்குத்தான் தொண்டு அமைப்புகள் மிச்சத்தைப் போடுகின்றன. பல பழைய குழுக்கள் சும்மா கூரை போடுவதை நிறுத்திவிட்டு இந்தத் தரத்தில்தான் போடுகிறார்கள்.

நிலக்கரை · 8 பிப்ரவரி

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது புரிந்தது. நன்றி. வளைய ஆணியை இங்கே படகுக்காரர்கள் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்.

உயில் · 10 பிப்ரவரி

எல்லோரும் ஆணியையும் பலகையையும் பேசுகிறீர்கள். நான் பேட்டன் ரூஜில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் உதவியாளர். நான் பார்த்தவரை வீடு நிற்காமல் போவது பெரும்பாலும் காகிதத்தில்.

ஒரு சாதாரணக் கதை. வீடு பாட்டி பெயரில். பாட்டி 1980களில் காலமானார், உயில் இல்லை. ஏழு பிள்ளைகள். ஒருவர் கலிபோர்னியா, ஒருவர் இறந்துபோய் அவருக்கு மூன்று பிள்ளைகள், ஒருவர் எங்கே என்றே தெரியாது. கடைசி மகள் அதே வீட்டில் அறுபது வருடமாக இருக்கிறார், வரி கட்டுகிறார், கூரை மாற்றுகிறார். ஊருக்கே தெரியும் அது அவர் வீடு என்று. பத்திரத்தில் மட்டும் பாட்டி. நம் ஊரில் தாத்தா பெயரிலேயே கிடக்கிற பட்டா மாதிரிதான். இங்கே இதை வாரிசுச் சொத்து என்பார்கள், கறுப்பினக் குடும்பங்களிலும் கடலோரப் பழங்குடிக் குடும்பங்களிலும் மிகச் சகஜம்.

கத்ரீனாவுக்குப் பிறகு ஃபெமாவும் மாநிலமும் பத்திரம் எங்கே என்று கேட்டன. இல்லாதவர்கள் வரிசையிலிருந்து வெளியே. 2021 செப்டம்பரில், ஐடா அடித்த அதே வாரம், ஃபெமா விதியைத் தளர்த்தியது. வாரிசுச் சொத்துக்காரர்கள் வேறு சான்று கிடைக்காவிட்டால் தாங்களே எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழியைக் கொடுக்கலாம். பதினாறு வருடம் ஆயிற்று இந்த ஒரு தாளுக்கு.

பத்திரம் இருந்தவர்களுக்கு இன்னொரு அடி. ரோடு ஹோம் என்று மத்திய அரசின் பணத்தில் மாநிலம் நடத்திய திட்டம், உச்சவரம்பு 1,50,000 டாலர். தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? புயலுக்கு முந்தைய சந்தை விலை, பழுது பார்க்கும் செலவு, இந்த இரண்டில் எது குறைவோ அது. அதிலிருந்து காப்பீட்டுப் பணத்தைக் கழிப்பார்கள்.

ஒரே அளவு வீடு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் சரிசெய்ய 1,40,000 ஆகும். வசதியான லேக்வியூ பகுதியில் அந்த வீட்டின் விலை 2,00,000 என்றால் அவருக்கு 1,40,000 வரும். லோயர் நைன்தில் அதே வீட்டின் விலை 60,000 என்றால் இவருக்கு 60,000. சிமென்டும் ஆணியும் இரண்டு பேருக்கும் ஒரே விலை. மிச்சம் 80,000க்கு இவர் எங்கே போவார்? வழக்கு நடந்தது, 2011இல் சமரசம் ஆகிக் கொஞ்சம் பேருக்குக் கூடுதல் பணம் கிடைத்தது. அதற்குள் ஆறு வருடம் ஓடிவிட்டது, பலர் ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் வேர் பிடித்துவிட்டார்கள்.

அதே திட்டத்தில் வீட்டை உயர்த்த 30,000 தனியாகக் கொடுத்தார்கள். பழுது பார்க்கவே காசு பற்றாதவர்கள் அதையும் பழுதுக்கே செலவழித்தார்கள். மாநிலம் பின்னால் அவர்கள்மேல், ஆயிரக்கணக்கான குடும்பங்கள்மேல், பணத்தைத் திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டது. போன வருடம், 2023 பிப்ரவரியில்தான் அதைக் கைவிட்டார்கள்.

தொண்டு நிறுவனத்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் 'மரம் வாங்க' என்று எழுதித் தருகிறார்கள். 'வக்கீல் செலவுக்கு' என்று ஒருவரும் எழுதுவதில்லை. வாரிசுச் சான்று முடிக்க இரண்டாயிரம் மூவாயிரம் டாலர் செலவழித்தால், பல மடங்கு உதவிப்பணம் திறக்கும்.

வரவுசெலவு · 10 பிப்ரவரி

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். ஆள் வேண்டாம், பணம் வேண்டும். எதற்கு என்பதில் நான் தப்பு செய்திருக்கலாம். வக்கீலுக்கு அனுப்புகிறேன்.

பேயூக்கரை · 11 பிப்ரவரி

பணம் கையில் வந்தாலும் தப்பாது. ஹார்வியில் எங்கள் வீட்டிலேயே நடந்தது. கூரை போடுகிறேன் என்று வந்த ஒப்பந்தக்காரர் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு, பழைய கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனார், அவ்வளவுதான். தொலைபேசி முதலில் எடுக்கவில்லை, பிறகு எண்ணே இல்லை. நாங்கள் இரண்டு சம்பளக்காரர்கள், எப்படியோ சமாளித்தோம். எதிர்வீட்டு அம்மாவிடமும் அதே ஆள் வாங்கிப் போயிருந்தார், அவருக்கு அதுதான் ஃபெமா கொடுத்த முழுப்பணம். ஒரு புயலுக்கு ஒருமுறைதான் தருவார்கள். ஏமாந்தேன் என்றால் இரண்டாவது தடவை கிடையாது. அவர் வீட்டைக் கடைசியில் ஒரு தேவாலயக் குழுதான் முடித்துக் கொடுத்தது.

தச்சன்மகன் · 11 பிப்ரவரி

எங்கள் பட்டியலில் இருந்தவர்களில் கணிசமானோர் இந்த ரகம்தான். பணம் வரவில்லை என்பதைவிட வந்த பணம் போய்விட்டது.

இந்தப் பட்டியல் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன், புதியவர்களுக்குத் தெரியாது. புயல் அடித்த ஒவ்வொரு வட்டாரத்திலும் நீண்டகால மீட்புக் குழு என்று ஒன்று அமையும். வாரம் ஒருமுறை மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒரு குடும்பத்தின் கோப்பை எடுப்பார்கள். மெதடிஸ்ட்காரர்கள் பெரும்பாலும் கோப்பு வேலை பார்ப்பார்கள், கத்தோலிக்க அமைப்பு கொஞ்சம் பணம் போடும், மென்னோனைட்டுகள் (இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினர்) ஆள் தருவார்கள். அவர்களின் பேரிடர் சேவை 1950லிருந்து நடக்கிறது. அவர்கள் தச்சு வேலை பார்க்கிறதை நின்று பார்க்கலாம். சவேரியார் கோயில் திருவிழாவுக்கு ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரிதான், ஆனால் ஜெபம் ஆளுக்கொரு விதம்.

நெறியாளர் · 12 பிப்ரவரி

மதம் பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வீட்டைப் பற்றிப் பேசுங்கள்.

மணிமேகலை · 13 பிப்ரவரி

கரிசல்காடு, ஒரு அமைப்பு நன்றாக நடக்கிறதா என்று பார்க்க, எத்தனை வீடு கட்டினீர்கள் என்று கேட்காதீர்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள்.

கத்ரீனாவுக்குப் பிறகு 2006இல் லிஸ் மெக்கார்ட்னியும் ஸாக் ரோசன்பர்கும் செயின்ட் பெர்னார்டு வட்டாரத்தில் தொடங்கிய அமைப்பு எஸ்.பி.பி. (நம் ஆட்களுக்கு உடனே பாட்டு ஞாபகம் வரும், இது வேறு.) நல்லெண்ணம் நிறைய, தொண்டர் நிறைய, ஆனாலும் ஒரு வீடு முடிய சராசரி 116 நாள். டொயோட்டா நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து கார் தொழிற்சாலை முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் எந்த வேலை எந்த நாளில் முடிய வேண்டும், எது எங்கே தேங்குகிறது என்பதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பலகையில் எழுதுவது, ஒரு வேலை முடிகிற நாளில் அடுத்த வேலைக்கான சாமான் அங்கே இருப்பது, இப்படி. 61 நாளாகக் குறைந்தது. வண்டியில் படுத்துத் தூங்குகிற குடும்பத்துக்கு அந்த 55 நாள் சின்ன விஷயம் இல்லை.

கரிசல்காடு · 14 பிப்ரவரி

எல்லோருக்கும் நன்றி. குழுவிடம் கேட்டேன். மூன்று பேருக்கு ஒரு வேலை தெரிந்த ஆள் என்றார்கள். எத்தனை நாள் என்றதற்குச் சரியான பதில் வரவில்லை, "எலக்ட்ரிஷியனைப் பொறுத்தது" என்றார்கள். போகிறோம். வீட்டுக்காரம்மாவின் பங்காக 500 டாலர் வாரிசுச் சான்று நிதிக்குத் தனியாக. அலுவலகம் இணைப் பணம் போடும்.

கரிசல்காடு · 24 மார்ச்

திரும்பி வந்துவிட்டோம். இரண்டு நாள் தூங்கினேன்.

எங்களுக்குக் கொடுத்தது ஹூமாவுக்குத் தெற்கே கால்வாய் ஓரத்தில் ஒரு வீடு. 72 வயது அம்மா, கூடவே பேரன். கணவர் இறால் படகு வைத்திருந்தாராம். கூரையைப் போன மாதம் வேறு குழு முடித்திருந்தது. தச்சன்மகன் அண்ணன் சொன்ன வளைய ஆணிப் பெட்டி ஒன்று மிச்சம் கிடந்தது, கையில் எடுத்துப் பார்த்தேன். உட்கூரையும் சுவரும் இல்லை. எலும்புக்கூடு மாதிரிச் சட்டங்கள் மட்டும். முன்னறையில் ஃப்ரிட்ஜ், அதிலிருந்து மஞ்சள் கம்பி ஒன்று ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனது. இரண்டரை வருடமாகப் பக்கத்து வீட்டு மின்சாரம்.

ஐந்து பேரும் முதல் இரண்டு நாள் சட்டங்களுக்கு நடுவே வெப்பம் தடுக்கிற பஞ்சு திணித்தோம். கை முழுக்க அரிப்பு, முழுக்கைச் சட்டை போட்டும். ஷீட்ராக் அடிக்கலாம் என்று மூன்றாம் நாள் தயாரானபோதுதான் சிக்கல். வயரிங்கைப் பார்த்து வட்டார அதிகாரி கையெழுத்துப் போடாமல் சுவரை மூடக் கூடாது. வயரிங்கில் ஒரு அறையும் சமையலறையும் பாக்கி. அதை உரிமம் உள்ள எலக்ட்ரிஷியன்தான் செய்ய வேண்டும். குழுவுக்கு அந்தப் பக்கத்தில் ஒரே ஒருவர், பதினோரு வீட்டுக்கு அவர்தான். வரவே இல்லை. முடிந்த இரண்டு படுக்கையறைக்கு மட்டும் கையெழுத்து வாங்கி அதை அடித்தோம். வரவுசெலவு சார், கோணலாக ஒன்றும் அடிக்கவில்லை. மூன்று பலகையைத் தவிர.

அந்த அம்மா ஒரு மாவு டப்பாவில் காகிதங்கள் வைத்திருந்தார். காப்பீட்டுக் கம்பெனி திவால் ஆன கடிதம், ஃபெமா கடிதம் நாலு, கணவரின் இறப்புச் சான்று, 1961இல் மாமனார் பெயரில் எழுதின பத்திரம். உயில் சொன்ன கதை அப்படியே. படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எல்லோரும் எடுத்தார்கள்" என்றார். எடுக்கவில்லை.

மிச்சப் பலகைகள் தார்ப்பாய் போட்டு முன்னறையில் அடுக்கியிருக்கிறது, 46 பலகை. ஒரு வாரம் வேலை பார்க்க ஆள் ரெடி, எங்கள் அலுவலகத்திலிருந்தே அடுத்த குழு ஏப்ரலில் போகிறது. எலக்ட்ரிஷியன் இல்லை. லூசியானா உரிமம் உள்ள யாரையாவது தெரியுமா? கூலி கொடுக்கத் தயார்.

வரவுசெலவு · 24 மார்ச்

கூலியை நான் தருகிறேன். ஆளைப் பிடியுங்கள்.

உயில் · 25 மார்ச்

எங்கள் அலுவலகத்துக்கு வயரிங் செய்தவர் லஃபயெட் பக்கம். சனிக்கிழமை தவிர வர மாட்டார், கேட்டுப் பார்க்கிறேன். தனிமடல் பாருங்கள். அந்த மாவு டப்பாவையும் விட்டுவிடாதீர்கள், அம்மாவை எங்களுக்கு ஒரு தொலைபேசி போடச் சொல்லுங்கள்.

கரிசல்காடு · 25 மார்ச்

பார்த்துவிட்டேன். ஏப்ரல் 13 சனிக்கிழமை. நானும் போகிறேன், அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கவாவது.